எட்டாவது அறை தைக்கவில்லை

சின்னக்காடு தோட்டம்,
கொட்டகலை.
7.2.1954

ராக்காயிக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பார்கள். அக்காள் வீட்டில் உட்கார்ந்து சுடச்சுடத் தேத்தண்ணீர் குடிக்கிறவளுக்கு நலத்தில் என்ன குறை. நான் விசாரிக்கவில்லை. காரியம் இருப்பதால் எழுதுகிறேன்.

இத்தனை காலமாக நம் தோட்டத்தில் டெலிபோன் வயர் அறுந்தாலும், பங்களாவில் மணி அடிக்காவிட்டாலும், பேட்டரி செத்துப்போனாலும் மலையில் நிற்கிற என்னைத்தான் கூப்பிடுவார்கள். சரி செய்து கொடுத்ததும் மறுபடி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். இனி அப்படி இல்லை. அந்த வேலைக்கென்றே நிரந்தரமாக ஓர் ஆள் வைக்கப் போவதாகப் பெரிய தொரை என்னிடமே சொன்னார். ஃபேக்டரிக்குப் பின்னால் தனி வீடும் உண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா மாதிரி இல்லை, தனி அடுப்படி, ஜன்னல் எல்லாம் இருக்கிறது. லயத்தில் மூச்சு முட்டுகிறது என்று நீ வாய் ஓயாமல் சொன்னாயே, அதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நிபந்தனை. சொந்தச் சாமான் வைத்திருக்க வேண்டும், அதுவும் இடுப்பில் கட்டுகிற பையில் ஒழுங்காக இருக்க வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹட்டனில் இருந்து எலக்ட்ரிக் போர்மன் வந்து பையைத் திறந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் வேலை.

ஆகவே கனத்த துணியில் எட்டு அறை வைத்து ஒரு பை தைத்து அனுப்பு. பெரிய குறடு, சின்னக் குறடு, சுத்தியல், ஸ்பானர், இரண்டு திருப்புளி, கத்தி, கத்தரிக்கோல், இவற்றுக்கு அளவாக இருக்கட்டும். தையல் மெஷினைத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே, அது அங்கே சும்மாதானே கிடக்கிறது.

செல்லசாமி


நானுஓயா.
12.2.1954

குறட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கத்தரிக்கோல் என்று எழுதிய இடத்தில் உங்கள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லையா என்று எழுத்தை உற்றுப் பார்த்தேன். நடுங்கவில்லை. நெஞ்சழுத்தம் என்றால் இதுதான்.

அது யாருடைய கத்தரிக்கோல்? கல்யாணத்துக்கு முன்பே நான் தைத்துச் சம்பாதித்து வாங்கியது. ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் டெலிபோன் வயர் வெட்டினீர்கள். போதாக்குறைக்கு நீங்கள் இடது கைக்காரர். தையல் கத்தரிக்கோல் வலது கைக்கென்று செய்தது. இடது கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு அலகும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப்போகும், வயர் நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கும். அலகு பல்லுப் பல்லாகப் போனது அதனால்தான். இது தெரியாமல் நான் கணக்கப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பட்டில் கத்தரிக்கோலை வைத்தேன். பட்டு கிழிந்துகொண்டு போனது. அந்த அம்மா வாசலில் நின்று கேட்ட கேள்வி லயம் முழுக்கக் கேட்டது.

அதையும் பொறுத்திருப்பேன். நீங்கள் உள்ளே இருந்துகொண்டு சிரித்தீர்கள். "ஒரு கத்தரிக்கோலுக்குப் போயி ஏன் இப்படி மூக்கச் சிந்துற" என்றீர்கள். உங்கள் குறடு ஒருநாள் காணாமல் போனதற்கு என்னையும் அத்தையையும் அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளற வைத்தவர் நீங்கள். உங்கள் கையில் இருந்தால் அது ஆயுதம், என் கையில் இருந்தால் அது பொம்பளைச் சாமான். அன்றைக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கத்தரிக்கோல் மட்டும் உங்களோடு பங்களாவுக்குப் போயிருந்தது. அதனால்தான் அது உங்களிடமே தங்கிவிட்டது.

பை வேண்டும் என்றால் முதலில் கத்தரிக்கோலை அனுப்புங்கள். துணியை நான் என்ன நகத்தால் கிழிப்பதா?

ராக்காயி


கொட்டகலை.
16.2.1954

ராக்காயிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு கத்தரிக்கோலுக்காக வீட்ட விட்டுப் போனவள இந்த நாப்பது வருசத்துல நான் பாத்ததில்ல" என்றாள். லயத்தில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போதுகூட என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கத்தரிக்கோல் பாடம் நடத்துகிறாய்.

ஏன் எடுத்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? கீழ்ப்பிரிவுக் கம்பத்தில் ஏறி, கையில் கத்தி இல்லாததால் வயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் பேட்டரிதானே, நாக்கில் வைத்தாலும் புளிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பங்களாவில் யாரோ மணி அடிக்கக் கைப்பிடியைச் சுற்றிவிட்டார்கள். சுற்றினால் வருகிற மின்சாரம் வேறு. பல்லில் பிடித்தது உச்சந்தலை வரைக்கும் வெட்டியது. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. மறுநாள்தான் உன் கத்தரிக்கோலை எடுத்தேன். குறடு மெல்லிய வயரை நசுக்கும், கத்தரிக்கோல்தான் சுத்தமாக வெட்டும். இதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று தெரியும்.

கத்தரிக்கோல் இப்போதைக்கு வராது. போர்மன் பார்க்கிற வரைக்கும் அது என் பையில் இருந்தாக வேண்டும். நீ வந்து இங்கே இருந்தால் கத்தரிக்கோலும் உன் வீட்டில்தானே இருக்கும்? வித்தியாசம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

ஹட்டனில் அலியார் கடைக்குப் போய் நல்ல கனமான சுத்தியலும் பெரிய ஸ்பானரும் எடுத்து வந்தேன். பை தொளதொள என்று தொங்கக் கூடாது, பார்த்தவுடன் வேலைக்காரன் என்று தெரிய வேண்டும்.

செல்லசாமி


நானுஓயா.
21.2.1954

பல்லால் வயர் உரிக்கிறவருக்கு,

சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு ஒரு மடக்குக் கத்தி வாங்கித் தந்திருப்பேன். நீங்கள் என்னிடம் எதையும் கேட்க மாட்டீர்கள், எடுத்துக்கொள்வீர்கள். அதுதான் வித்தியாசம். விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, இப்போதாவது விளங்குகிறதா?

நான் இருக்கிற இந்த மீனம்மா அக்காள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பழனியாண்டி அண்ணன் இருக்கிறார். ரயில்வேயில் தந்திக் கம்பி பார்க்கிறவர். அவருடைய பை அடியில் பிய்ந்துவிட்டது என்று தைக்கக் கொண்டு வந்தார். உள்ளே இருந்த சாமானை எல்லாம் பாயில் எடுத்து வைத்தேன். நீங்கள் கேட்ட சுத்தியலும் இல்லை, ஸ்பானரும் இல்லை. "இவ்வளவுதானா அண்ணே?" என்று கேட்டேன்.

"கம்பத்துல ஏறிட்டா நமக்குன்னு ஒரு கைதான் தங்கச்சி, மத்த கை கம்பத்துக்கு. ஒத்தக் கையால எடுத்து ஒத்தக் கையாலயே திரும்ப வைக்க முடியாத சாமான் பையில எதுக்கு? சுத்தியல் கீழ கெடக்கட்டும், வேணும்னா கயித்துல கட்டி ஏத்திக்கலாம்" என்றார்.

அவரிடம் இருந்தவை: வயர் வெட்ட ஒரு வெட்டுக்குறடு. வளைக்க ஒரு மூக்குக்குறடு. மரத்தில் திருகாணி முடுக்க ஒரு பெரிய திருப்புளி, டெலிபோன் பெட்டிக்குள் விட ஒரு சின்னத் திருப்புளி. வயர் உரிக்க மடக்குக் கத்தி, பல் இல்லை. ஒட்டுகிற டேப். டார்ச் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டிய சின்ன விளக்கு. பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க. அவ்வளவுதான். நீங்கள் இரும்புக் கடை வைக்கப் போகிறீர்களா, மணி அடிக்க வைக்கப் போகிறீர்களா? அந்தச் சுத்தியலைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் முதலில் உங்கள் கால்சட்டைதான் கீழே வரும். பெரிய தொரை முன்னால் அது நடந்தால் எனக்கும் சேர்த்துத்தான் அவமானம், ஊர் இன்னும் உங்களை என் புருஷன் என்றுதான் சொல்கிறது.

பை தைத்தாகிவிட்டது. லாரித் தார்ப்பாய்த் துணி. இரண்டு ஊசி உடைந்தது. பழனியாண்டி அண்ணன் பை வலது பக்கம் கட்டுவது. அதை அப்படியே மாற்றி இடது கை எடுக்கத் தோதாகத் தைத்திருக்கிறேன். அடிக்கடி எடுக்கிற சாமானுக்கு முன் அறை, கனமானதற்குப் பின் அறை. அக்காள் வீட்டு அத்தானிடம் கொடுத்து ரயிலில் அனுப்பியிருக்கிறேன்.

எட்டு அறை கேட்டீர்கள். ஏழுதான் இருக்கும். எட்டாவது அறை தைக்கவில்லை. அங்கே எதை வைக்க நினைத்தீர்களோ அதற்கு என் கையால் இடம் தைத்துத் தர மாட்டேன்.

ராக்காயி


கொட்டகலை.
28.2.1954

ராக்காயிக்கு,

சந்தோஷமா? மனம் குளிர்ந்ததா?

நேற்று போர்மன் வந்தார். ஃபேக்டரி முற்றத்தில் பெரிய தொரை, டீமேக்கர், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா எல்லோரும் நின்றார்கள். பையைக் கட்டிக்கொண்டு போனேன். கத்தரிக்கோலுக்கு அறை இல்லாததால் பெல்ட்டில் சொருகியிருந்தேன். "ஏறிக் காட்டு" என்றார்கள். ஏணியில் காலைத் தூக்கி வைத்ததும் அதன் முனை தொடையில் குத்தியது. நான் கத்தினேன். கத்தரிக்கோல் நழுவிப் போர்மன் காலடியில் விழுந்தது. அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது? வயர் இழுக்க வந்தியா, ரவிக்கை தைக்க வந்தியா?"

கண்டாக்கு ஐயா சிரித்ததைக்கூடப் பொறுப்பேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இன்றைக்குக் காலையில் இருந்து எனக்குப் பெயர் டெய்லர். ஓர் அறை, ஒரே ஓர் அறை கூடத் தைத்திருந்தால் உன் கை தேய்ந்தா போயிருக்கும்? தெரிந்துதான் செய்தாய். உனக்கு என் மேல் இருக்கிற வயிற்றெரிச்சலுக்கு அளவே இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தியலையும் ஸ்பானரையும் அலியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெட்டுக்குறடும் மூக்குக்குறடும் மடக்குக் கத்தியும் வாங்கியிருந்தேன். உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்று நினைத்துவிடாதே. அலியாரே அப்படித்தான் சொன்னார். போர்மன் பையை ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்தார். "ஏன் எடப் பக்கம் கட்டியிருக்க?" என்றார். இடது கைக்காரன் என்றேன். "ஒனக்குன்னே தச்சதா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. "வெட்டுக்குறடு இருக்கும்போது இந்தக் கத்தரிக்கோல் எதுக்கு, இத வீட்டுல வச்சிட்டு வா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுச் சாவி கொடுத்துவிட்டார்கள். நீ வா. பழசை எல்லாம் பேசிக்கொண்டிருக்காதே.

செல்லசாமி


நானுஓயா.
5.3.1954

உத்தியோகம் கிடைத்தவருக்கு,

தொடையில் குத்தியதற்கு மருந்து போட்டீர்களா? இவ்வளவுதான் என் விசாரிப்பு.

தெரிந்துதான் செய்தாய் என்று எழுதியிருந்தீர்கள். அறை தைக்க மாட்டேன் என்று எழுதியே அனுப்பினேனே, அதில் தெரியாமல் செய்ய என்ன இருக்கிறது? பெல்ட்டில் சொருகச் சொன்னது நானா? இடம் இல்லை என்றால் இங்கே அனுப்பியிருக்க வேண்டும். நான் சொன்னதைத்தான் அலியாரும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் உடனே காதில் ஏறியது, நான் எழுதியதை அடுப்பில் போட்டீர்கள். அலியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். உங்களிடம் வெட்டுக்குறடு இருக்கிறது, கத்தி இருக்கிறது. போர்மன், கத்தரிக்கோல் தேவையில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். ஊரே சிரித்துவிட்டது. இன்னும் அதை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? அனுப்ப என்ன தடை? அனுப்பவில்லை என்றால் உங்களுக்கு அது வேண்டும் என்று அர்த்தம் இல்லை, எனக்கு அது இருக்கக் கூடாது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மனிதரோடு தனி வீட்டில் இருந்தால் என்ன, லயத்தில் இருந்தால் என்ன?

நீ வா என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். பங்களா மணியை அழுத்தினால் ஆயா ஓடி வருகிற மாதிரி நான் ஓடி வர வேண்டுமா? நீங்களே மணி கட்டுகிறவர் என்பதால் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள் என்று நினைத்துவிட்டீர்கள்.

கத்தரிக்கோல் வராமல் இனி என்னிடமிருந்து ஒரு வரிகூட வராது. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

ராக்காயி


கொட்டகலை.
21.3.1954

ராக்காயிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. ஒன்றில் திட்டியிருந்தேன், ஒன்றில் அம்மா சொன்னதை எல்லாம் எழுதியிருந்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டிருப்பாய். போடு.

நேராகப் பதில் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். போர்மன் போன மறுநாளே கத்தரிக்கோலை அலியார் கடைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்துவிட்டேன். பல்லுப் பல்லாக இருந்தது எல்லாம் போய்விட்டது. பழைய துணி ஒன்றை வெட்டிப் பார்த்தேன், வலது கையால்தான். துணியில் சுற்றி, விலாசம் எழுதி, கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோனேன். பார்சல் ஜன்னலில் கொடுக்கப் போய், கொடுக்காமல் திரும்பி வந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

ஏன் என்று கேட்டால், அதைக் கொடுத்துவிட்டால் எனக்கு எழுத உனக்கு வேறு காரியம் இல்லை. நீ எழுதியதெல்லாம் அதைக் கேட்டுத்தான். திட்டுவதாக இருந்தாலும் உன் கடிதம் வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கியது. தபால்காரன் லயத்துப் பக்கம் வந்தாலே கம்பத்தில் இருந்து இறங்கிவிடுவேன். இந்த ஆள் இவ்வளவு கேவலமானவனா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். வாய் திறந்து வா என்று கேட்கத் தெரியாதவன் கையில் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அம்மா இந்தப் புது வீட்டுக்கு வரவில்லை. நானாகச் சொல்லவில்லை, அவளே சொல்லிவிட்டாள். "அந்தப் புள்ளைய கூட்டியாந்து நீயே வச்சுக்க. நான் லயத்துல தம்பிகூட இருந்துக்குவேன். எனக்கும் இனிமே சண்டை போடத் தெம்பு இல்ல" என்றாள். என் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். சமைக்கிறேன் என்று சொல்ல முடியாது, வேக வைக்கிறேன்.

இன்றைக்குப் பார்சலை அனுப்பியேவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே உனக்குக் கிடைத்திருக்கும். இனி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதவில்லை என்றால் ஏன் என்று கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த எட்டாவது அறை விஷயத்தில் நீ செய்தது அநியாயம்தான். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செல்லசாமி


நானுஓயா.
31.3.1954

திரு. செல்லசாமி அவர்களுக்கு,

பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறேன். அத்தை காதில் விழுந்தால் விழட்டும்.

பார்சல் கிடைத்தது. சாணை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். பட்டையும் வெட்டுகிறது, மல் துணியையும் வெட்டுகிறது. குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். இல்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்.

உங்கள் கடிதத்தை அக்காள் வாசித்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாலு வரியைப் பிப்ரவரி மாதமே எழுதியிருந்தால் உங்கள் தொடையாவது தப்பித்திருக்கும். கேட்கத் தெரியாதவன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தெரியாது என்றால் கற்றுக்கொள்ள வேண்டும். டெலிபோன் பெட்டியைப் பிரிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீங்களே உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். மனுஷியிடம் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

நீங்கள் ஒன்று யோசிக்கவே இல்லை. நான் இங்கே வந்த நாள் முதல் தையல் தைத்துத்தான் சாப்பிடுகிறேன். நாலு ரவிக்கை, எதிர் வீட்டு ரபீக்கா அக்காவின் பிள்ளைகளுக்குச் சட்டை, பழனியாண்டி அண்ணன் பை, உங்களுடைய பை. அந்தத் தார்ப்பாயை எதைக் கொண்டு வெட்டினேன் என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. நான் வந்த வாரமே ரபீக்கா அக்கா அவர்கள் வீட்டில் சும்மா கிடந்த கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதைவிடப் பெரியது, நல்லது. வேலைக்கு என்றால் எனக்கு உங்களிடம் இருந்த கத்தரிக்கோல் தேவையே இல்லை. அப்புறமும் ஒவ்வொரு கடிதத்திலும் அதையே கேட்டு எழுதினேன். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல எல்லாவற்றையும் எழுதிக் கொட்ட என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மெஷின் கனம், ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள், வேறு ஆளை அனுப்ப வேண்டாம். ஜன்னல் ஓரம் மெஷினுக்கு. அங்கே உங்கள் பேட்டரி, வயர் எதுவும் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்குவேன். அதைப் பார்த்துப் பயந்து பிளாட்பாரத்தில் ஒன்றும் பேசாதீர்கள். எட்டாவது அறை அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நானும் அதில் விட்டுக்கொடுக்கிற உத்தேசத்தில் வரவில்லை.

ராக்காயி